ஏழு மணிச் செய்தி ஏழு மணிக்கே வர: பிளேலிஸ்ட்டில் நீளமும் நேரமும்

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை முதலில் உட்கார வைப்பது பெரும்பாலும் பிளேஅவுட் கம்ப்யூட்டர், அதாவது கிளிப்புகளை வரிசையாக ஓட்டி ஒளிபரப்புக்கு அனுப்பும் கம்ப்யூட்டர் முன்னால்தான். "லிஸ்ட் ஓடிட்டு இருக்கு, பாத்துக்கோ. ஏழு மணிக்கு நியூஸ் போயிரணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திரையில் நீளமான ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் கிளிப்பின் பெயர், தொடங்கும் நேரம், நீளம். இன், அவுட் என்று இன்னும் இரண்டு கட்டம். இவற்றில் எதை நாம் நிரப்ப வேண்டும், எதை மென்பொருள் போட்டுக்கொள்ள விட வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. தொடங்கும் நேரம் என்பது நாம் எழுதுகிற விஷயம் இல்லை. அது ஒரு கூட்டலின் விடை. முதல் கிளிப் காலை 6:00:00க்குத் தொடங்கி 4 நிமிடம் ஓடினால் அடுத்தது 6:04:00க்குத் தொடங்கும். அது 20 விநாடி என்றால் மூன்றாவது 6:04:20க்கு. நீளங்கள் சரியாக இருந்தால் தொடக்க நேரங்கள் தானாகச் சரியாக வரும். புதியவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு வரியிலும் தொடக்க நேரத்தை எழுதி, நீளத்தைக் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறார்கள். அப்புறம் நீளம் குறைந்த இடத்தில் திரை கறுப்பாகிறது, கூடின இடத்தில் கிளிப் பாதியில் வெட்டுப்படுகிறது.

ஆகவே ஒரு நாள் பட்டியலில் கடிகார நேரத்தை எழுத வேண்டிய வரிகள் சிலவே: செய்தி, நேரலை, நேரம் சொல்லிக் காசு வாங்கிய நிகழ்ச்சி. இவற்றை ஆணியடித்த வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் முந்தினது முடிந்ததும் வருவது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் முன்னால் நிற்கும் பஸ் கிளம்பாமல் பின்னால் நிற்பது பிளாட்பாரத்தைப் பிடிக்க முடியாது அல்லவா, அதே கதைதான்.

நீளத்தை எப்படி எடுப்பது

நீளத்தைக் கேட்டு எழுதக் கூடாது, அளந்து எழுத வேண்டும். விளம்பரம் கொண்டு வருபவர் "அண்ணா, முப்பது செகண்ட்தான்" என்பார். கோப்பைத் திறந்தால் முன்னால் ஒரு விநாடி கறுப்பு, பின்னால் கடையின் போன் நம்பர் கொஞ்சம் கூடுதலாக நின்று 32 விநாடி இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. எடிட் செய்தவர் ஏற்றுமதி செய்யும்போது டைம்லைனின் ஓரத்தைச் சரியாக மார்க் செய்யவில்லை, அவ்வளவுதான்.

தொலைக்காட்சியில் விநாடிக்குக் கீழே ஒரு அலகு உண்டு: ஃபிரேம். இந்தியாவில் விநாடிக்கு 25 ஃபிரேம். ஒரு ஃபிரேம் என்றால் 40 மில்லி விநாடி. டைம்கோடில் மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் என்று நான்கு ஜோடி எண்கள் வரும். 00:11:24:05 என்றால் 11 நிமிடம், 24 விநாடி, 5 ஃபிரேம். கடைசி ஜோடி 00 முதல் 24 வரைதான் போகும். 25 ஆனால் ஒரு விநாடி கூடிவிடும். அமெரிக்கா மாதிரி 29.97 ஃபிரேம் ஓடும் நாடுகளில் டைம்கோடும் கடிகாரமும் ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி விலகிப்போகும். அதைச் சரிக்கட்ட நடுவில் சில எண்களைத் தாண்டி எண்ணுவார்கள். நமக்கு அந்தத் தலைவலி இல்லை. யூடியூப் பாடங்களில் இதை டிராப் ஃபிரேம் என்று யாராவது நீட்டி முழக்கினால் தைரியமாகத் தாண்டிப் போங்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். தோவாளைப் பூச்சந்தை பற்றிய ஒரு நிகழ்ச்சியின் முதல் பகுதி. கோப்பு மொத்தம் 11 நிமிடம் 30 விநாடி. தொடக்கத்தில் கலர் பாரும் கறுப்பும் நாலு விநாடிக்கு மேல் இருக்கின்றன. படம் உண்மையில் தொடங்குவது 00:00:04:10இல். முடிவது 00:11:24:05இல். முதலாவது இன், இரண்டாவது அவுட். அவுட்டிலிருந்து இன்னைக் கழித்தால் நமக்கு வேண்டிய நீளம்.

ஃபிரேமிலிருந்து ஆரம்பிப்போம். 5இலிருந்து 10 போகாது. ஒரு விநாடியைக் கடன் வாங்கினால் 25 ஃபிரேம் கிடைக்கும். 30இலிருந்து 10 போனால் 20. விநாடி இப்போது 23. 4 போனால் 19. நிமிடம் 11. ஆக, 00:11:19:20. கடன் வாங்கும்போது 10 அல்ல, 100 அல்ல, 25 என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

இதே விஷயத்தை வெவ்வேறு மென்பொருள் வெவ்வேறு மொழியில் கேட்கும். சிறு சேனல்களுக்கு ஏற்ற இலவச மென்பொருள்களில் ஒன்றான எஃப்எஃப்பிளேஅவுட்டின் பட்டியலில் எல்லாம் தசம விநாடியில் இருக்க வேண்டும். நம் கிளிப்புக்கு இன் 4.40, அவுட் 684.20. ஒரு ஃபிரேம் 0.04 விநாடி என்பதால் 10 ஃபிரேம் 0.40, 5 ஃபிரேம் 0.20. அதில் டியூரேஷன் என்று இன்னொரு கட்டமும் உண்டு. கழித்து வந்த 679.80ஐ அங்கே போடத் தோன்றும். போடக் கூடாது. அந்தக் கட்டம் கேட்பது முழுக் கோப்பின் நீளத்தை, அதாவது 690ஐ. ஓடப்போகும் நீளத்தை அவுட்டிலிருந்து இன்னைக் கழித்து அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஸ்வீடனின் பொதுத் தொலைக்காட்சி நிறுவனமான எஸ்விடி உருவாக்கி இலவசமாக வெளியிட்ட காஸ்பார்சிஜி இன்னொரு விதம். அதற்கு அவுட் வேண்டாம். எந்த ஃபிரேமிலிருந்து, எத்தனை ஃபிரேம் என்று சொன்னால் போதும். நம் கிளிப்பானால் 110ஆம் ஃபிரேமிலிருந்து 16,995 ஃபிரேம். 25 ஃபிரேம் சேனலில் 679.80 விநாடியும் 16,995 ஃபிரேமும் 11:19:20உம் ஒன்றேதான். புதிதாக ஒரு மென்பொருளில் உட்கார்ந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நீளம் என்று நீ எதைச் சொல்கிறாய், கோப்பையா, ஓடப்போகும் பகுதியையா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவுட் என்று குறிக்கும் ஃபிரேம் ஓடுமா, அதற்கு முந்தினதோடு நின்றுவிடுமா? 10:00:00:00இல் தொடங்கும் 30 விநாடி விளம்பரத்தின் கடைசி ஃபிரேம் 10:00:29:24. அவுட்டைச் சேர்த்து ஓட்டும் மென்பொருளில் 10:00:30:00 என்று கொடுத்தால் ஒரு ஃபிரேம் கூடுதலாக ஓடி, விளம்பரத்துக்கு விளம்பரம் நடுவே ஒரு கறுப்பு வெட்டு மின்னிப் போகும். பலருக்கு அது கண்ணில் படாது. விளம்பரம் கொடுத்த கடைக்காரர் கண்ணில் மட்டும் எப்படியோ பட்டுவிடும்.

அரை மணி நேரத்தைக் கட்டுவது

மாலை 6:30க்கு அந்தப் பூச்சந்தை நிகழ்ச்சி. 7:00க்குச் செய்தி; அது ஆணியடித்த வரி. நடுவில் நமக்குக் கிடைப்பது சரியாக 30 நிமிடம். முதல் பகுதி 11:20 என்று வைத்துக்கொள்வோம் (ஐந்து ஃபிரேமை இப்போதைக்கு விட்டுவிடலாம்). விளம்பர இடைவேளை 2:30. இரண்டாம் பகுதி 10:45. இரண்டாவது இடைவேளை 3:00. நாளைய நிகழ்ச்சிக்கான புரோமோ 0:20. கூட்டிக்கொண்டே வாருங்கள்: 11:20, 13:50, 24:35, 27:35, 27:55. முப்பதுக்கு இன்னும் 2 நிமிடம் 5 விநாடி பாக்கி.

இந்தப் பாக்கியைச் சும்மா விட்டால் ஏழு மணி வரை கறுப்புத் திரை, அல்லது முந்தின கிளிப்பின் கடைசிப் படம் உறைந்து நிற்கும். இதற்குத்தான் ஃபில்லர். வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகின விஷயம்: ஒரு நிகழ்ச்சி முன்னதாக முடிந்துவிட்டால் செய்தி நேரம் வரும்வரை வீணையோ புல்லாங்குழலோ ஓடும், நேரம் வந்ததும் பாதியில் மெல்லத் தேய்ந்து மறையும். 1984இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலி, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். அங்கேயும் செய்தியை வெளி நிலையத்திலிருந்து அஞ்சல் செய்ய வேண்டுமானால் அந்த விநாடிக்குக் கையைக் காலியாக வைத்திருந்தே ஆக வேண்டும். டிவியிலும் அதே தேவைதான்.

நல்ல ஃபில்லருக்கு இலக்கணம், எங்கே வெட்டினாலும் வலிக்கக் கூடாது. பேச்சு கூடாது, பாட்டு வரிகள் கூடாது, கதை கூடவே கூடாது. நம் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப் பாலம், முட்டம் கடற்கரை, பேச்சிப்பாறை அணை: ஒரு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் வந்தால் ஒரு வருடத்துக்கு ஓட்டலாம். ஆனால் ஒரே நீளத்தில் எடுத்து வைக்காதீர்கள். 5 விநாடி, 10 விநாடி, 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று பல அளவுகளில் வெட்டி, நீளத்தையே கோப்புப் பெயரில் எழுதி வைத்தால் அவசரத்தில் தேட வேண்டாம். மேலே சொன்ன 2:05க்கு ஒரு 2 நிமிட அருவி, ஒரு 5 விநாடி சேனல் லோகோ. முடிந்தது.

இப்போது அதே நாளில் எடிட்டர் ஓடி வந்து, இரண்டாம் பகுதியை மாற்றியாகிவிட்டது, அது 13:10 என்கிறார். 2:25 கூடிவிட்டது. ஃபில்லரையும் லோகோவையும் எடுத்துவிட்டாலும் மொத்தம் 30:20. இருபது விநாடி அதிகம். எதை எடுப்பது? புரோமோவை. அதுவும் 20 விநாடிதான், கணக்கு 30:00இல் வந்து நிற்கிறது. விளம்பரத்தைத் தொடக் கூடாது. அது காசு வாங்கிய சரக்கு. நிகழ்ச்சியின் கடைசி இருபது விநாடியை வெட்டுவது அதைவிட மோசம். பேசிக்கொண்டிருப்பவர் வாய் திறந்தபடி நிற்க, செய்தியின் இசை வந்து விழும். எதை முதலில் தூக்கலாம் என்ற வரிசையை நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்: ஃபில்லர், லோகோ, புரோமோ, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

மேலே இரண்டு இடைவேளையும் சேர்த்து 5:30 விளம்பரம் போயிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரைதான் விளம்பரம்: வணிக விளம்பரம் 10 நிமிடம், சேனலின் சொந்த விளம்பரம் 2 நிமிடம். அந்த மணி நேரத்தின் இன்னொரு அரைக்கு வணிக விளம்பரத்தில் மிச்சம் 4:30தான்.

ஆணியை எப்படி அடிப்பது

ஏழு மணி வரியை அடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கடிகாரம் 19:00:00 ஆனவுடன் எது ஓடிக்கொண்டிருந்தாலும் வெட்டிவிட்டுச் செய்தியைப் போடுவது. இதை ஹார்ட் ஸ்டார்ட் என்பார்கள். இரண்டாவது, ஏழு மணி தாண்டினாலும் ஓடுவது முடியட்டும் என்று காத்திருந்து போடுவது, இது சாஃப்ட். மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும், வேலை இதுதான். என்னைக் கேட்டால், ஹார்ட் ஸ்டார்ட்டை நேரலைக்கும் வெளியிலிருந்து வாங்கி ஒளிபரப்பும் சிக்னலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நம் கையில் இருக்கும் பதிவு செய்த செய்தி 7:00:04க்குத் தொடங்கினால் குடி முழுகிவிடாது. நாலு விநாடிக்காக ஒரு நகைக்கடை விளம்பரத்தை வெட்டினால், அதை இன்னொரு முறை இலவசமாக ஓட்டிக் கொடுக்க வேண்டி வரும். எது, எப்போது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற பதிவை மென்பொருள் எழுதி வைக்கும். பணம் வசூலிக்கப் போகிறவர் கையில் இருப்பது அந்தத் தாள்தான்.

நாலு விநாடி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சில்லறையிலிருந்து. 20 விநாடி விளம்பரம் என்று எழுதியிருக்கிறோம். உண்மையில் 20 விநாடி 8 ஃபிரேம். மணிக்குப் பத்து விளம்பரம் இப்படி என்றால் 80 ஃபிரேம், அதாவது 3.2 விநாடி. காலை ஆறு முதல் நள்ளிரவு வரை 18 மணி நேரத்துக்கு 57.6 விநாடி. கிட்டத்தட்ட ஒரு நிமிடம், யாரும் ஒரு தப்பும் செய்யாமலே. கோப்பு உள்ளே வரும்போதே இன், அவுட் மார்க் செய்துவிட்டால் இது வரவே வராது.

மொபைலில் எடுத்த வீடியோ வேறு வகைத் தொல்லை. போன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், அதுவும் சீராக இருக்காது. முறையாக 25க்கு மாற்றி ஏற்றுமதி செய்தால் நீளம் மாறாது. மாற்றாமல், 30 ஃபிரேம் கோப்பை 25 என்று நினைத்து ஓட்ட வைத்தால் ஒரு நிமிடக் கிளிப் 72 விநாடி ஆகி, எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடப்பார்கள். சினிமாவில் இது தலைகீழ்: 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25இல் ஓட்டினால் இரண்டரை மணி நேரப் படம் 2 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும். போஸ்டரில் போட்ட நேரத்தை நம்பிப் பட்டியல் கட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரலைக்கு நீளம் கிடையாது

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தை நேரலையாகக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். தேர் நிலைக்கு வரும் நேரம் வடம் பிடிப்பவர்கள் கையில் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் தேர்ப்பவனியும் அப்படித்தான். மென்பொருள் நேரலை வரிக்கும் ஒரு நீளம் கேட்கும். 3:00:00 என்று ஒரு மதிப்பீட்டைப் போட்டு, முடிவைக் கையால் தள்ளும்படி, அதாவது மேனுவலாக வைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்று மணி நேரம் ஆனதும், தேர் ரத வீதியில் நிற்கும்போதே, மென்பொருள் விசுவாசமாக அடுத்த ஃபர்னிச்சர் கடை விளம்பரத்துக்குப் போய்விடும்.

நேரலைக்கு அடுத்து வரும் ஒரு மணி நேரத்தில் ஆணியே அடிக்காதீர்கள். ஃபில்லர், பழைய நிகழ்ச்சி, பாட்டு என்று எப்போது வேண்டுமானாலும் தூக்கிவிடக்கூடிய சரக்கை மட்டும் வையுங்கள். நேரலை இழுத்தால் அவை கரையும். சீக்கிரம் முடிந்தால் அவை நிரப்பும்.

கன்னியாகுமரிச் சூரிய உதயம் இன்னொரு விதம். அதன் நேரம் முன்கூட்டியே தெரியும், ஆனால் தினமும் நகரும். மே கடைசியில் 6 மணியை ஒட்டி உதிக்கும் சூரியன், ஜனவரி கடைசியில் 6:40ஐ ஒட்டித்தான் வருகிறது. ஒரு நாள் பட்டியலை நகல் எடுத்து மாதக்கணக்கில் ஓட்டினால், ஒரு கட்டத்தில் இருட்டைத்தான் காட்டிக்கொண்டிருப்போம். இந்த வரியின் தொடக்க நேரத்தை மட்டும் வாரம் ஒருமுறையாவது காலண்டர் பார்த்துத் திருத்த வேண்டும்.

எக்செல், நள்ளிரவு, கடிகாரம்

பட்டியலை எக்செலில் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 11:20 என்று அடித்தால் எக்செல் அதை 11 மணி 20 நிமிடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 0:11:20 என்று அடியுங்கள். கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டினால் சாதாரண வடிவத்தில் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். மணியைச் சதுர அடைப்புக்குள் போடும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் 25, 26 என்று தொடரும். 11.5 நிமிடம் என்றால் 11:30, 11:50 அல்ல என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பார்த்திருக்கிறேன்.

ஒளிபரப்பு நாள் பெரும்பாலும் நள்ளிரவில் மாறாது, அதிகாலையில் மாறும். ஆறு மணிக்கு நாள் தொடங்கும் சேனலில் இரவு 12:30க்கு ஓடும் படம் முந்தின நாள் பட்டியலின் வாலில் இருக்கும். "சனி இரவு 12:30" என்று விளம்பரக்காரர் சொன்னால், எந்தத் தேதிப் பட்டியல் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்த பிறகே எழுதுங்கள். 24 மணிக்கும் ஒரு பட்டியல் நிறையாமல் விட்டால் விடிகாலையில் காலியிடம் விழும், அதைப் பார்க்க ஆபீஸில் ஆளும் இருக்காது.

கடைசியாகக் கம்ப்யூட்டரின் கடிகாரம். நீளமெல்லாம் ஃபிரேம் சுத்தமாக இருந்தும் செய்தி 7:02க்குப் போனால் பட்டியலைக் குடையாமல் முதலில் மூலையில் இருக்கும் மணியைப் பாருங்கள். பிளேஅவுட் கம்ப்யூட்டர் நேரத்தைத் தானாகவே இணையத்திலிருந்து சரிசெய்துகொள்ளும்படி வைக்க வேண்டும். இந்திய நேரத்தைக் காக்கும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் அதற்கென்றே ஒரு சர்வர் வைத்திருக்கிறது. வாடகை சர்வரில் ஓட்டுகிறவர்கள் டைம்ஸோனையும் பார்க்க வேண்டும். அந்த மாதிரி சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் வரும். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய பக்திப் பாடல் பதினொன்றரைக்குத் தொடங்கினால் பிசகு சரியாக ஐந்தரை மணி நேரம். பட்டியலில் ஒரு குறையும் இருக்காது.